பூஜ்யம் என்றாலும் எழுதி அனுப்புங்கள்

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களில் நோயாளியைப் பார்க்கும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் வாரம் ஒரு படிவம் வந்தாக வேண்டும். அது காங்கிரீட் கட்டடமாக இருந்தாலும் சரி, மூங்கில் நட்டுத் தார்ப்பாய் போர்த்திய கொட்டகையாக இருந்தாலும் சரி. தட்டம்மை எத்தனை, தண்ணீராகப் போகும் பேதி எத்தனை, ரத்தபேதி எத்தனை, மஞ்சள் காமாலை எத்தனை, திடீரென்று கை கால் துவண்டுபோன குழந்தை உண்டா, இறந்தவர் எத்தனை பேர். ஒவ்வொன்றிலும் ஐந்து வயதுக்கு உட்பட்டோர் தனி, மேற்பட்டோர் தனி. ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். அந்தப் படிவத்தை வரவழைப்பதும், வராத இடத்துக்கு நேரில் போய்க் கேட்பதும், வந்த எண்களில் எது பயப்பட வேண்டிய எண் என்று பார்ப்பதும்தான் அங்கே என் வேலை.

நான் மருத்துவர். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு நோய்க் கண்காணிப்புக்கு வந்தவள். 2017 இறுதியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக வங்கதேசம் போனேன். ஊர் திரும்பியதும் உறவினர்களும் நண்பர்களும் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தே?” நான் ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்ட நாட்கள் குறைவு. பெரும்பாலும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பேரிடரில் எண்ணுவதும் வைத்தியம்தான். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோமா தந்த பாடம்

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து ஐந்து முதல் எட்டு லட்சம் பேர் சில நாட்களுக்குள் எல்லை கடந்து அன்றைய ஜயீர் நாட்டின் கோமா நகருக்குள் வந்து குவிந்தார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய பாறை நிலம் அது. கழிப்பறைக்குக் குழி தோண்ட முடியாது, பிணத்தைப் புதைக்கவும் முடியாது. குடிக்கக் கிவு ஏரித் தண்ணீர். அடுத்த சில நாட்களில் காலரா பிடித்தது. அது அடங்கும்போது ரத்தபேதி வந்தது. முதல் ஒரு மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள். சாலையோரம் கிடத்தப்பட்டு லாரிகளில் ஏற்றப்பட்ட உடல்களை எண்ணித்தான் அந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்தது.

எங்கள் துறையில் ஓர் அளவுகோல் உண்டு. பத்தாயிரம் பேர் உள்ள கூட்டத்தில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு மேல் இறந்தால் அது நெருக்கடி. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் அந்த எண் இரண்டு. கோமாவில் பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 35 பேர் வரை இறந்தார்கள்.

அவர்களைக் கொன்ற காலராவுக்கு மருந்து இல்லாமல் இல்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைச் சரியான அளவில், சரியான நேரத்தில் குடிக்கக் கொடுத்தாலே பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் நிரம்பி வழிந்த மேற்கு வங்கத்துப் பன்கான் மருத்துவமனையில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனபிஸ் அதைத்தான் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை போன இறப்பு, அவரது பராமரிப்பில் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. ஆகவே வைத்தியம் எப்போதோ தெரிந்துவிட்டது. எந்த நோய், எந்த மூலையில், எந்தக் கிழமை தலைதூக்குகிறது என்று தெரிந்தால்தான் அந்த வைத்தியம் போய்ச் சேரும்.

தொண்டை அடைப்பான் வந்த கதை

2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ரோஹிங்கியா மக்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல் சில மாதங்களில் வங்கதேசத்துக்குள் வந்தார்கள். காக்ஸ் பஜார் மாவட்டத்தின் குட்டுபாலோங்கைச் சுற்றியிருந்த காட்டுக் குன்றுகள் மரமின்றி மொட்டையாகி, உலகிலேயே பெரிய அகதிக் குடியிருப்பு ஆயின. குடிசைக்கும் குடிசைக்கும் இடையே ஓர் ஆள் நுழையும் சந்து. கழிப்பறைக் குழி மேலே, அதற்குக் கீழே சில அடி தூரத்தில் அடிபம்பு. எந்த நோயும் அங்கே வரலாம்.

அக்டோபர் 10-ம் தேதி காலரா தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். வாயில் ஊற்றும் மருந்து. ஒதுக்கப்பட்டது ஒன்பது லட்சம் டோஸ், முதல் சுற்றிலேயே ஏறக்குறைய ஏழு லட்சம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. காலரா வெடிக்கும் வரை காத்திருக்காமல், வெடிக்கக்கூடிய இடம் இது என்று கணக்குப் போட்டு முன்னதாகவே செய்த வேலை அது. பெரிய காலரா அங்கே அப்போது வரவில்லை.

வந்தது வேறொன்று. நவம்பர் தொடக்கத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவ மையத்துக்கு வந்த ஒரு நோயாளியின் தொண்டையில் சாம்பல் நிறப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. டிப்தீரியா. நம் அம்மாக்கள் முத்தடுப்பு ஊசி அட்டையில் பார்த்துப் பழகிய தொண்டை அடைப்பான்.

இந்த நோயை இன்றைய இளம் மருத்துவர்களில் பலர் கண்ணால் பார்த்ததில்லை. தடுப்பூசி அதை அந்த அளவுக்கு விரட்டிவிட்டது. ராக்கைனில் ரோஹிங்கியா குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி சரியாகக் கிடைக்கவில்லை. பல்லாண்டு மறுக்கப்பட்ட ஊசியின் விலையை அவர்கள் அகதி முகாமில் கொடுத்தார்கள். டிசம்பர் 12-ம் தேதிக்குள் நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் 804 பேர், இறந்தவர்கள் 15 பேர். பெரும்பாலோர் பதினைந்து வயது நிறையாதவர்கள்.

கிருமி தொண்டையில்தான் இருக்கும். அது சுரக்கும் நச்சோ ரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். படலம் வளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்தால் குழந்தை மூச்சுத் திணறி இறக்கும். நச்சை முறிக்கும் மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. திசுக்களில் இன்னும் ஒட்டாத நச்சைத்தான் அதனால் முறிக்க முடியும். அதனால் ஒரு நாள் தாமதமும் உயிரைக் குடிக்கும். நோய் அரிதாகிவிட்டதால் அந்த மருந்தைத் தயாரிப்பவர்களும் உலகில் அரிது. இருந்த கொஞ்ச மருந்து யாருக்கு, எந்த முகாமுக்கு என்று முடிவு செய்ய எங்களுக்கு எண்கள் தேவைப்பட்டன.

ஒரு நோயாளி கண்டறியப்பட்டால் அன்றே அவர் குடிசைக்கு ஆள் போகும். கூடப் படுத்தவர் யார், ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டவர் யார் என்று விசாரித்து, அத்தனை பேருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்து, ஊசி போடுவார்கள். என்னுடன் வந்த தன்னார்வலர் சிட்டகாங்கைச் சேர்ந்த பெண். அவர் பேச்சு ரோஹிங்கியா மக்களுக்குப் புரியும். ஒரு குடிசையில் தாய் இரண்டாவது பிள்ளையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். மூத்தவனைத் தனிமை வார்டுக்குக் கொண்டுபோயிருந்தோம். “ஆபா, இவனையும் எடுத்துட்டுப் போயிடுவாங்களான்னு கேக்குறாங்க” என்றார் தன்னார்வலர். ஆபா என்றால் அக்கா. வங்கதேசத்தில் பெண் டாக்டரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூத்தவன் எங்கே இருக்கிறான், யார் கூட இருக்கிறார், எப்போது வருவான் என்று சொல்லி முடித்த பிறகுதான் அந்தத் தாய் சின்னவன் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். சொந்த நாட்டில் சீருடைக்காரர்களுக்குப் பயந்து ஓடி வந்தவர்களிடம், பெயரையும் வயதையும் எழுதிக்கொள்ளும் அந்நியர் எவரும் இந்தப் பதிலைச் சொல்லக் கடன்பட்டவரே. நம்பிக்கை இல்லாத இடத்தில் நோயாளி ஒளிந்துகொள்வார், ஏட்டில் நோய் குறையும், குடிசைகளுக்குள் பெருகும்.

டிசம்பர் 12 அன்று டிப்தீரியாவுக்கு எதிரான தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் மூன்று லட்சம் டோஸ் நன்கொடையாகக் கொடுத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சந்தேகத்தின் பேரில் கணக்கில் வந்தவர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல். இறந்தவர்கள் ஐம்பது பேருக்குள். சிகிச்சை கிடைத்தாலும் பத்தில் ஒருவர் வரை இறக்கக்கூடிய நோய் இது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எங்கள் வலையின் கண் சிறியது, சாதாரணத் தொண்டை வலியும் அதில் சிக்கியிருக்கும். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் பிழைத்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்று என்றாலே ஓட வேண்டிய எண்

எல்லா எண்ணும் ஒரே எடை உள்ளதல்ல. சளி, காய்ச்சல் ஒரு வாரம் இருநூறு வந்தால் குறித்துக்கொள்வோம். தட்டம்மை ஒன்றே ஒன்று வந்தால் ஓட வேண்டும். நெருக்கமான முகாமில் அதைவிட வேகமாகப் பரவும் நோய் இல்லை. கை கால் துவண்ட குழந்தை ஒன்று என்றால் போலியோவா என்று பார்க்க வேண்டும். பேதியில் ஐந்து வயதைத் தாண்டிய ஒருவர் நீர் வற்றி இறந்தால் காலரா என்று நினைத்துத்தான் கிளம்ப வேண்டும். சாதாரண வயிற்றுப்போக்கு பெரியவர்களை அவ்வளவு எளிதில் கொல்லாது. சோதனைக்கூட முடிவு வரும் வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. சந்தேகமே போதும்.

பூஜ்யமும் ஓர் எண். எங்கள் கூட்டங்களில் நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பாடம் இது. நோயாளி யாரும் வராத வாரத்தில் எதற்கு அனுப்ப வேண்டும் என்று கிளினிக்காரர்கள் கேட்பார்கள். இரவில் கூர்க்காவின் விசில் கேட்கவில்லை என்றால் திருடன் வரவில்லை என்று அர்த்தமில்லை, கூர்க்காவே இல்லாமலும் இருக்கலாம். படிவம் வராத முகாமில் நோய் இல்லையா, அல்லது எழுத ஆள் இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? பூஜ்யம் என்று எழுதி ஒருவர் கையெழுத்துப் போட்டால், அவர் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை என்று பொருள்.

இதற்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு பெட்டி வைத்திருக்கிறது. அதற்குள் அறுபது செல்போன், மடிக்கணினிகள், உள்ளூரிலேயே இயங்கும் சர்வர், சூரிய ஒளியில் ஓடும் சார்ஜர்கள். மின்சாரமும் இணையமும் இல்லாத இடத்திலும் ஐம்பது கிளினிக்குகளை, ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்களைக் கண்காணிக்க ஒரு பெட்டி போதும். விலை சுமார் 15,000 டாலர். ஐந்து லட்சம் பேருக்குக் காவல் வைக்க, ஒரு காரின் விலை.

கழிவுநீரில் கேட்ட செய்தி

சில சமயம் நோயாளி வரும் முன்பே நோய் அகப்பட்டுவிடும். காஸாவில் 2024 ஜூனில் எடுத்த கழிவுநீர் மாதிரிகளில் போலியோ வைரஸ் இருப்பது ஜூலையில் தெரிந்தது. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குப் பக்கவாதம் உறுதியானது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு அங்கே முதல் போலியோ. குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில், சண்டையைப் பகுதி பகுதியாக நிறுத்திவைத்து, செப்டம்பர் 1-ம் தேதி தொடங்கிப் பத்து வயதுக்கு உட்பட்ட ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சாக்கடையில் பாட்டில் நிரப்பிய ஒருவரிடமிருந்து தொடங்கிய வேலை அது.

இத்தனைக்கும் நிதி வெட்டு என்று வந்தால் முதலில் கை வைப்பது இந்தப் பணியில்தான். காரணம் எளிது. தடுக்கப்பட்ட கொள்ளைநோய்க்குப் புகைப்படம் கிடையாது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது உலகெங்கும் முகாம் சுகாதாரப் பணிகள் ஆட்டம் கண்டன. மருந்து தீர்ந்தால் எல்லோருக்கும் தெரியும். எண்ணுபவர் வேலையை இழந்தால் அடுத்த கொள்ளைநோய் வரும்வரை யாருக்கும் தெரியாது. இது சிக்கனமே அல்ல, ஏழைகளின் உயிரை வைத்து ஆடும் சூதாட்டம்.

நம் கடற்கரையும் இதைப் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்று தமிழ்நாடே நடுங்கியது. கடல் கொன்ற உடல்கள் கொள்ளைநோயைப் பரப்புவதில்லை. தண்ணீர் கெட்டால், உயிரோடிருப்பவர்கள் நெருக்கியடித்துக் கிடந்தால்தான் அது பரவும். பிற மாவட்டங்களிலிருந்து வந்த சுகாதாரக் குழுக்கள் நாகப்பட்டினம், கடலூர் முகாம்களில் தினமும் ஏறி இறங்கின. குளோரின் பார்த்தன, தட்டம்மை ஊசி போட்டன, பேதி எத்தனை என்று எழுதின. பயந்த அளவு பெரிய கொள்ளைநோய் வரவில்லை. அந்தக் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் நிவாரண முகாமாக மாறும். நீங்கள் அங்கே சோறு பரிமாறப் போவீர்கள். போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பலருக்குப் பேதி கண்டால், ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு வந்தால், பெயரும் வயதும் தெருவும் தேதியும் குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். 104-க்கு அழைத்தாலும் போதும். வீட்டுக்குப் போய் உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, ஐந்து வயதிலும் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய ஊசிகள் விட்டுப்போயிருக்கின்றனவா என்று பாருங்கள். கணக்கெடுக்க வரும் செவிலியர் கதவைத் தட்டினால், வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை என்றாலும், அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.