பழைய காருக்குப் புது செல்ப்: விலை கேட்குமுன் பல்லை எண்ணுங்கள்

மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் துவரம் பருப்பு வாங்கும் மளிகை வியாபாரி நம் அரக்கோணத்தில் இல்லை. ஆனால் அதே நாம் கார் உதிரி பாகம் வாங்கப் போனால், "ஒரிஜினல்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து வருகிறோம். 'செல்ப்' என்று நாம் சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டார் விஷயத்தில் இப்படி நாமே ஏமாந்தோம். அந்த அனுபவத்தை உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வீட்டுக் கொட்டகையில் அறுபதுகளில் வாங்கிய கார் ஒன்று இருக்கிறது. அதன் செல்ப் பழுதானதும், புது மாதிரி 'கியர் டைப்' ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டினோம். சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது. இன்ஜின் மட்டும் அசையவில்லை. வாங்கிய கடையில், பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பொருளில் பழுதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பழுது, நாம் தேர்ந்தெடுத்த விதத்தில் இருந்தது.

ஸ்போர்ட்ஸ் காரின் உறவினர்

பழைய கார் என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவு வருவது அம்பாசிடர்தான். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி 1957-ல் வந்த வண்டி அது. 2014-ல் உற்பத்தி நின்றது. அதில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 1955-ல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அதேபோல் 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் இன்ஜினும், 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இதனால் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. அந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்காக வெளிநாட்டில் இன்றும் தயாராகும் ஸ்டார்ட்டர்கள் நமக்குப் பயன்படக்கூடும் என்பது லாபம். "ஒரே குடும்பம்தானே" என்று பல்லைப் பார்க்காமல் வாங்கிவிடுவது ஆபத்து. எம்.ஜி.பி. என்ற காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ன் கடைசியில் அதன் ஸ்டார்ட்டர் வகையை மாற்றியபோது ஃபிளைவீலின் ரிங் கியரையும் சேர்த்தே மாற்றினார்கள். ஒரே பெயருள்ள காரிலேயே முன்னதற்கும் பின்னதற்கும் பொருந்தாது என்றால், உறவுக்காரக் காருக்கு எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது?

மூன்று வகை

முதலாவது, பழைய பெண்டிக்ஸ் வகை. மோட்டார் திடீரென்று சுற்றும் வேகத்தில், மரையின் மேல் இருக்கும் சிறு பல்சக்கரம் தாவிப்போய் ரிங் கியரில் கடிக்கும். இன்ஜின் பற்றிக்கொண்டதும் எறியப்பட்டுத் திரும்பிவிடும். அமைப்பு எளிது, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் ஒவ்வொரு முறையும் பல்லோடு பல் மோதுகிறது. இதன் மரையில் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிக்கொண்டு பல்சக்கரம் நகராது.

இரண்டாவது, சோலினாய்டு மேலேயே அமர்ந்த வகை. இதில் பல் முதலில் மெதுவாகக் கோத்துக்கொள்ளும், பிறகே மோட்டாருக்கு முழு மின்சாரம் போகும். ரிங் கியருக்கு இது நல்லது.

மூன்றாவது, கியர் டைப். சிறிய மோட்டார் வேகமாகச் சுற்ற, உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டித் தரும். எடை குறைவு. பாட்டரியிலிருந்து இழுக்கும் கரண்டும் குறைவு.

வாங்குமுன் நான்கு சோதனை

ஒன்று: பழுது உண்மையில் செல்ப்பில்தானா? பழைய செல்ப் ஒன்று 200 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். துருப்பிடித்த ஒரு எர்த் இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 12 வோல்ட்டில் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். செல்ப் அடிக்கும்போது பாட்டரி முனையில் ஒரு முறையும், மோட்டார் முனையில் ஒரு முறையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பாட்டரியிலேயே பத்துக்குக் கீழே இறங்கினால் முதலில் பாட்டரியைக் கவனிக்க வேண்டும். அங்கே நன்றாக இருந்து மோட்டாரில் குறைந்தால் கோளாறு கேபிளில். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையை மாற்றினாலே பல வண்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

இரண்டு: ரிங் கியர். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் நிற்கும். ஆகவே பல்லும் எதிரெதிரே அந்த இரண்டு இடங்களில்தான் தேயும். சில நாள் "கர்ர்" என்று கத்தி, ஹேண்டிலால் இன்ஜினைச் சற்றுத் திருப்பிய பிறகு சரியாகிறது என்றால் குற்றவாளி ரிங் கியர். அதன்மேல் எவ்வளவு விலையுள்ள செல்ப்பை மாட்டினாலும் பணம் பாழ்.

மூன்று: அளவு. பழைய செல்ப்பைக் கையோடு கொண்டு போங்கள். பல்சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி, முகப்பிலிருந்து பல் வரையுள்ள நீளம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ரிங் கியரில் பல்லின் சரிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து கோக்கும் செல்ப்தான் வேண்டும்.

நான்கு: எர்த் எது? நாம் ஏமாந்த இடம் இதுதான். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியோடு இணைத்திருப்பார்கள். காயில் கட்டிய பழைய செல்ப்புக்கு அதனால் கவலையில்லை. முனை மாறினாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும். கியர் டைப் பலவற்றில் காயிலுக்குப் பதில் நிலைக்காந்தம் இருக்கிறது. முனை மாறினால் அது எதிர்த்திசையில் சுற்றும். அப்போது உள்ளே இருக்கும் ஒருவழிக் கிளட்ச் வழுக்கிக்கொண்டு, மோட்டார் மட்டும் வீணாக ஓடும். நமக்கு நடந்தது இதுவே. பிறகு தேர்ந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு வண்டி முழுவதையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய பின்தான் அந்த செல்ப் பயன்பட்டது.

கட்டுவதா, மாற்றுவதா?

தினமும் எடுக்காத வண்டிக்குப் பழைய செல்ப்பையே கட்டுவதுதான் நம் கணக்கில் லாபம். கார்பன் பிரஷ், புஷ் மாற்றி, கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஆர்மேச்சர் காயில் எரிந்திருந்தால் மட்டும் செலவு கூடும். தினமும் பலமுறை ஸ்டார்ட் செய்கிற வண்டிக்கும், இன்ஜின் சூடானதும் செல்ப் திணறுகிற வண்டிக்கும் கியர் டைப் நல்ல தேர்வு.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும், புதுப்பேட்டையில் பழையதைத் தேடினாலும் இரண்டு விதிகளைக் கைவிடாதீர்கள். பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விலையில் ஏதோ கழித்துக்கொள்கிறோம் என்றாலும், புதியது இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதும் சூடாக இருக்கும்போதும் பத்து முறையாவது எடுக்கும்வரை பழையதைக் கைமாற்றாதீர்கள்.

இன்னொன்று. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய மத்திய அரசு 2021-ல் விதி செய்தது. அப்படிப் பதிந்த வண்டியை வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது. சரக்கு ஏற்றும் எண்ணம் இருந்தால் அந்தப் பதிவை நாடுமுன் யோசியுங்கள். அதன் பழைய செல்ப்பையும் துடைத்துப் பத்திரமாக வையுங்கள். வண்டியின் அசல் உருவத்துக்கு மதிப்பு உண்டு.

குத்தூசி போட்டுப் பார்க்கும் அதே கண்ணால் செல்ப்பையும் பார்ப்போம். விலை பிறகு, பல் முதலில்.