சிறைக்கு அஞ்சாத இருவர்

சட்டம் ஒன்று சொல்கிறது. மனச்சாட்சி வேறொன்று சொல்கிறது. நல்ல மனிதன் எதைக் கேட்பான்?

கிரேக்க அறிஞர் சாக்ரடீஸ், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று குற்றம் சாட்டப்பட்டார். உண்மையைத் தேடிக் கேள்வி கேட்பதை விடமாட்டேன் என்றார் அவர். கி.மு. 399-ல் ஏதென்ஸ் நகரில் மரண தண்டனை கிடைத்தது. தப்பி ஓட நண்பர் கிரிட்டோ வழி செய்தார். அவர் மறுத்தார். "என்னை வளர்த்த நாட்டின் சட்டத்தை மீறலாமா?" என்பது அவர் வாதம். அமைதியாக நஞ்சைக் குடித்தார். அப்போது அவருக்கு வயது 70.

அமெரிக்க அறிஞர் தோரோவின் வழி வேறு. அநியாயம் செய்யச் சொல்லும் சட்டத்தை மீற வேண்டும் என்றார். அடிமை முறைக்குத் துணைபோன அரசுக்கு வரி கட்ட மறுத்தார். 1846-ல் ஓர் இரவு சிறையில் இருந்தார். வேறொருவர் வரியைக் கட்டிவிடவே, மறுநாள் விடுதலையானார்.

ஒருவர் சட்டத்துக்குப் பணிந்தார், மற்றவர் மீறினார். ஆனால் இருவரும் மனச்சாட்சியை விற்கவில்லை. தண்டனைக்குப் பயந்து ஓடவும் இல்லை!