கழுத்தில் ஓர் அட்டை

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. அடுத்த ஐந்தாண்டுகளில் அந்த நாடு ஏறத்தாழ 70,000 குழந்தைகளை அயல்நாடுகளுக்கு, பெரும்பாலும் சுவீடனுக்கு, அனுப்பிவைத்தது. பெரும்பாலும் பெற்றோர் கூடப் போகவில்லை. பெயரும் எண்ணும் எழுதிய அட்டை ஒன்று கழுத்தில் தொங்க, ரயிலிலும் கப்பலிலும் ஏறின பிள்ளைகள். பார்சலுக்கும் அப்படித்தான் கட்டுவார்கள். போரில் பிள்ளையை மட்டும் தனியே பெயர்த்தெடுத்துக் காப்பாற்றிவிடலாம் என்ற நினைப்பு எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சுவீடனில் அவர்களைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று சொல்ல வரவில்லை. பல வீடுகளில் சொந்தப் பிள்ளையாகவே வளர்த்தார்கள். சிக்கலே அதில்தான் இருந்தது. சின்னஞ்சிறுசுகள் ஓரிரு ஆண்டில் பின்னிஷ் மொழியை மறந்தன; புது அம்மாவிடம் ஒட்டிக்கொண்டன. போர் முடிந்ததும் அங்கிருந்தும் பிய்த்தெடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஊர் திரும்பிய பிள்ளைக்குப் பெற்றவள் பேசுவது புரியவில்லை. தாய்மொழி என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் சொல், அங்கே தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் முறிந்து கிடந்தது. திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

குண்டு விழும் ஊரிலேயே வைத்திருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1944 பிப்ரவரியில் ஹெல்சிங்கி மீது மூன்று முறை பெரும் குண்டுவீச்சு நடந்தது. பசியும் நோயும் வேறு. ஆனால் வைத்திருப்பது, தனியே அனுப்புவது என்ற இரண்டு வழிகள்தானா இருந்தன? தாயோடு சேர்த்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆண்கள் போர்முனையில் இருந்ததால் வயலுக்கும் தொழிற்சாலைக்கும் பெண்களின் கை தேவைப்பட்டது. பிள்ளையின் நலனோடு போரின் தேவையும் சேர்ந்தே அந்த முடிவை எடுத்தது.

பிள்ளைகள் எதையும் தாங்குவார்கள், வளர்ந்தால் மறந்துவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. அனுப்பப்பட்டவர்களையும் வீட்டிலேயே இருந்த அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு, மொத்தத்தில் பெரிய வேறுபாடு காணவில்லை. ஆனால் அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகளிடம் மனச்சோர்வு போன்ற நோய்கள் கூடுதலாக இருந்தன. 2018இல் வெளியான ஆய்வு அடுத்த தலைமுறைக்கே போனது: அந்தப் பெண்களின் மகள்கள், ஊரிலேயே தங்கிய பெரியம்மா, சித்திகளின் மகள்களைவிட அதிகமாக மனநோய்க்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். போரைக் கண்ணால் பார்க்காதவர்கள் அவர்கள்.

2022இல் போருக்குத் தப்பி உக்ரைனிலிருந்து லட்சக்கணக்கான தாய்மார்கள் பிள்ளைகளைக் கையோடு அழைத்துக்கொண்டு எல்லை தாண்டினார்கள். பின்லாந்தும் சுவீடனும் அவர்களைச் சேர்த்தே ஏற்றுக்கொண்டன. 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்ததால், பெரும்பாலான தந்தையர் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.