பட்ஜெட்டுக்குள் ஒரு டெலி ஜூம் லென்ஸ்

டி.எஸ்.எல்.ஆர். கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு ஏரியில் நிற்கும் கொக்கை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் ஏரி இருக்கும், வானம் இருக்கும், கரையோர மரமும் இருக்கும். கொக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான்: தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற மாதிரி, விலை குறைவாக ஒரு லென்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் விலை குறைந்த லென்ஸ்களில்தான் பார்த்து வாங்க வேண்டிய விஷயங்கள் அதிகம்.

என் அண்ணன் மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். வேடந்தாங்கல் பறவைகளின் கூடுகளைப் பற்றி ப்ராஜெக்ட். கூட்டில் குஞ்சு இருக்கிறதா, தாய்ப் பறவை அடைகாக்கிறதா என்று தெரிகிற அளவுக்குப் படங்கள் வேண்டும். வீட்டில் இருந்தது கேனன் 1300டி கேமரா. டியூஷன் எடுத்துச் சேர்த்த 12,000 ரூபாய் கையில் இருந்தது. அதைச் செலவழித்து விட்டால் அந்த வருடத்துக்கு வேறு பணம் இல்லை. பறவைகள் கூடு கட்டும் சீசனும் மார்ச் மாதத்தோடு முடிந்து விடும். அவள் ஏற்கெனவே ஒரு லென்ஸை முடிவு செய்து வைத்திருந்தாள். கேனன் 75-300 மி.மீ., மூன்றாம் பதிப்பு. "புதுசு, பட்ஜெட்டுக்குள்ள வருது. 250-ஐ விட 300 பெரிசுதானே சித்தப்பா?"

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

50 மி.மீ. வித்தியாசம் எவ்வளவு?

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். கடைகளில் "எத்தனை எக்ஸ் ஜூம்?" என்று கேட்பவர்கள் பலர். அந்த எக்ஸ், லென்ஸின் பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் வரும் விடை, அவ்வளவுதான். 18-55 லென்ஸ் 3 எக்ஸ். 55-250 லென்ஸ் நாலரை எக்ஸ். 2015-இல் வந்த நிகான் பி900 கேமரா 83 எக்ஸ். பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை மி.மீ. எண்தான் சொல்லும். அதையும் சென்ஸாரின் அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கூழைக்கடா சுமார் 1.4 மீட்டர் நீளமுள்ள பறவை. கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கொள்வோம். பறவையின் நீளத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்ஸாரில் விழும் பிம்பத்தின் அளவு மி.மீட்டரில் வந்து விடும். 250 மி.மீ. லென்ஸில் இது 5.8 மி.மீ. 300-இல் 7 மி.மீ. 1300டியின் சென்ஸார் 22.3 மி.மீ. அகலம், அதில் 5184 பிக்ஸல்கள். ஆக 250-இல் கூழைக்கடா சுமார் 1350 பிக்ஸல் நீளத்துக்குக் கிடைக்கும். 300-இல் சுமார் 1630. கிட் லென்ஸின் 55 மி.மீ.யில் வெறும் 300.

55-இலிருந்து 250-க்குப் போவதுதான் பெரிய தாண்டல். அங்கிருந்து 300-க்குப் போவது பத்து மீட்டர் முன்னால் நடப்பதற்குச் சமம். 50 மீட்டரில் நின்று 250-இல் எடுப்பதும் 60 மீட்டரில் நின்று 300-இல் எடுப்பதும் ஒரே அளவுப் படத்தைத்தான் தரும்.

சிறு பறவை என்றால் இரண்டு லென்ஸுமே போதாது. வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 27 செ.மீ.தான். அதே 60 மீட்டரில், 250-இல் 260 பிக்ஸல் கிடைத்தால் அதிகம். பத்து மீட்டருக்குள் வந்து உட்கார்ந்தால்தான் படம். இதை முன்கூட்டியே சொல்லி விடுவது நல்லது. பட்ஜெட் லென்ஸை வாங்கிவிட்டு மீன்கொத்தியின் கண்ணில் வெளிச்சப் புள்ளியைத் தேடி ஏமாறுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கை நடுக்கம்தான் முதல் எதிரி

1300டி போன்ற கேமராக்களில் சென்ஸார் சிறியது. அதனால் 250 மி.மீ. லென்ஸ், பழைய ஃபிலிம் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கே காட்சியைக் குறுக்கிக் காட்டும். ஃபிலிம் காலத்திலிருந்து வரும் விதிப்படி இதைக் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் 1/400 நொடியாவது இருக்க வேண்டும். நல்ல வெயிலில் கவலையே இல்லை. எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால் 1/3200 நொடி வரை கிடைக்கும். ஆனால் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு திரும்புவது மாலையில். மேகமூட்டமும் சேர்ந்தால் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தும் 1/125 நொடியைத் தாண்டாது.

இங்கேதான் ஐ.எஸ். என்று கேனனும், வி.ஆர். என்று நிகானும் பெயர் வைத்திருக்கும் நடுக்கத் தடுப்பு வசதி கைகொடுக்கிறது. லென்ஸுக்குள் உள்ள ஒரு கண்ணாடித் தொகுதி, கையின் நடுக்கத்துக்கு எதிர்த் திசையில் நகர்ந்து பிம்பத்தை நிலையாக வைக்கும். 2013-இல் வந்த கேனன் 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். லென்ஸில் இது மூன்றரை ஸ்டாப் அளவுக்கு உதவும் என்பது கம்பெனியின் கணக்கு. அதாவது 1/400 தேவைப்படும் இடத்தில் 1/40 போதும். நான் 1/60-க்குக் கீழே நம்புவதில்லை.

1999-இல் வந்த 75-300 மூன்றாம் பதிப்பில் இந்த வசதி கிடையாது. தவிர, 300 மி.மீ.யில் முழு அப்பர்ச்சரில் படம் சற்று மங்கலாகவும், வானத்தை ஒட்டிய கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறமாகவும் இருக்கும். எஃப் 8-க்குக் குறைத்தால் தேறும். ஆனால் அதற்கு இன்னும் வெளிச்சம் வேண்டும். இதே ஒளியியல் அமைப்பை 2025-இல் மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்.எஃப். மவுண்ட்டிலும் ஐ.எஸ். இல்லாமலே கொண்டு வந்தார்கள். ஆர்50, ஆர்100 போன்ற கேமராக்களின் உடலிலும் நடுக்கத் தடுப்பு இல்லை என்பதை மிரர்லெஸ் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒன்றை மறந்து விடாதீர்கள். ஐ.எஸ். உங்கள் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. பறக்கும் நாரைக்கு 1/1000 நொடியாவது வேண்டும். கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்குத்தான் இது வரப்பிரசாதம். அண்ணன் மகளுக்கு வேண்டியதும் அதுதான்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

அண்ணா சாலைப் பக்கம் பழைய லென்ஸ் விற்கும் ஒரு கடைக்கு இருவரும் போனோம். எங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் கொண்டு போயிருந்தோம். கட்டாயம் நீங்களும் இப்படியே செய்யுங்கள். முதலில் காட்டிய லென்ஸை மொபைல் டார்ச்சால் பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தோம். உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய இழைகள். பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சகஜம், சுத்தம் செய்ய லென்ஸைப் பிரிக்க வேண்டும். அதை அப்படியே திருப்பிக் கொடுத்து விட்டோம். உள்ளே இரண்டு மூன்று தூசிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது.

இரண்டாவது 55-250 எஸ்.டி.எம். சுத்தமாக இருந்தது. எதிர்ச் சாரியில் இருந்த ஒரு போர்டை 250 மி.மீ., 1/60 நொடியில் ஐ.எஸ். போட்டுப் பத்துப் படம், அணைத்துப் பத்துப் படம் எடுக்கச் சொன்னேன். கேமராத் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐ.எஸ். போட்டு எடுத்ததில் எட்டுப் படங்களில் சின்ன எழுத்தும் படிக்க முடிந்தது. அணைத்து எடுத்ததில் ஒன்றே ஒன்று. "300 வேண்டாம் சித்தப்பா" என்றாள். 9,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

நிகான் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். 2016-இல் வந்த ஏ.எஃப்.-பி டி.எக்ஸ். 70-300 அருமையான லென்ஸ். ஆனால் வி.ஆர். உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. பெட்டியில் அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மேலும், டி90, டி3100, டி5100 போன்ற பழைய கேமராக்களில் இது ஃபோகஸே ஆகாது. வளையத்தைக் கையால் திருப்பினாலும் பலனில்லை, ஏனென்றால் அதுவும் மோட்டார் வழியாகத்தான் இயங்குகிறது. அவர்களுக்கு ஏ.எஃப்.-எஸ் 55-200 வி.ஆர். அல்லது 55-300 வி.ஆர். பொருந்தும்.

பள்ளி ஆண்டு விழா, நாட்டிய அரங்கேற்றம் எடுக்கத்தான் லென்ஸ் தேடுகிறீர்கள் என்றால் இந்த ஜூம்கள் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எஃப் 5.6-இல் வரும் வெளிச்சம் எஃப் 2.8-இல் வருவதில் கால் பங்குதான். மேடையில் ஆடும் குழந்தை நிற்காது. முன் வரிசையில் இடம் பிடித்து 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் எடுப்பது மலிவு, படமும் தெளிவு.

எந்த எண் தேவை என்றே தெரியாதவர்கள் பணம் செலவழிக்கும் முன் கம்ப்யூட்டரைத் திறங்கள். பழைய படம் ஒன்றில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால் ஃபோகல் லெங்த் என்ற வரியில் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று இருக்கும். நூறு படங்களைப் பாருங்கள். பெரும்பாலானவை 55-இல் முட்டிக்கொண்டு நின்றால் டெலி லென்ஸ் உங்களுக்குத் தேவை. 18-இலும் 24-இலுமே இருந்தால் அந்தப் பணத்தில் ஊர் சுற்றி வரலாம்.

மிச்சமான 2,500 ரூபாயில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளும், சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றும் வாங்கினோம். மீட்டர் 40 முதல் 50 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பவும் பயன்படுத்தலாம்.