சில்லுக்குள் ஒரு கட்டுச்சோறு

கணினியில் பைத்தான் கற்ற மாணவர், மைக்ரோபிட் பலகைக்கான நிரலில் ‘இம்போர்ட் நம்பை’ என்று எழுதினால் பிழைச் செய்திதான் வரும். ‘இம்போர்ட் நியோபிக்சல்’ என்றால் உடனே வேலை நடக்கும். இரண்டு வரிகளும் பைத்தான்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

பைத்தானில் எழுதியதைச் சில்லு நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. இடையில் ஒரு மென்பொருள் நின்று, நிரலைப் படித்து அதன்படி சில்லை வேலை வாங்குகிறது. அதுதான் இண்டர்பிரட்டர். தமிழில் ‘விளக்கி’ என்று சொல்லலாம். சிறு சில்லுகளுக்காக 2013ஆம் ஆண்டில் டேமியன் ஜார்ஜ் உருவாக்கத் தொடங்கிய மைக்ரோபைத்தான் அத்தகைய ஒரு விளக்கி. சிங்கப்பூர் மாணவர்கள் பலருக்கு அறிமுகமான மைக்ரோபிட்டில் பைத்தானை இயக்குவது அதுவே.

விளக்கி இருப்பதால் நிரல் எழுதுவது எளிது. ஆனால் வேகம் குறையும். நியோபிக்சல் வண்ண விளக்குகளுக்கு அனுப்பும் ஒவ்வொரு பிட் தகவலும் 1.25 மைக்ரோவினாடியில் போய்ச் சேர வேண்டும். மைக்ரோபிட்டின் முதல் பதிப்பு வினாடிக்கு 16 மில்லியன் முறை துடிக்கிறது. அப்படியானால் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 20 துடிப்புகள் மட்டுமே. விளக்கி ஒரு பைத்தான் வரியை நிறைவேற்றி முடிக்க அது போதாது. எனவே அந்த வேலையைச் செய்யும் பகுதி, சில்லுக்கே உரிய கட்டளைகளாக இருக்க வேண்டும். அதனை நேட்டிவ் எக்ஸ்டென்ஷன், அதாவது ‘நீட்சி’ என்கிறார்கள்.

அங்காடியா, கட்டுச்சோறா?

கணினியில் நீட்சிகள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். தேவைப்படும் நேரத்தில் இயங்குதளம் அவற்றைத் தேடி எடுத்துத் தரும். உணவங்காடி நிலையத்தில் சோற்றை ஒரு கடையிலும் குழம்பை இன்னொரு கடையிலும் வாங்குவது போன்றது இது.

மைக்ரோபிட்டில் அப்படித் தேடித் தரும் இயங்குதளம் இல்லை. முதல் பதிப்பின் சேமிப்பிடம் 256 கிலோபைட், வேலை நினைவகம் 16 கிலோபைட். ஆகவே விளக்கியும் நீட்சிகளும் முன்கூட்டியே ஒரே கோப்பாகக் கட்டப்படுகின்றன. இதற்கு ஸ்டாட்டிக் லிங்கிங், ‘நிலையான இணைப்பு’ என்று பெயர். பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் கட்டுச்சோறு இது.

கட்டும் வேலையைச் செய்வது லிங்கர் எனும் இணைப்பி. சிறு சாதனங்களுக்காகக் கட்டும்போது அது பெரும்பாலும் சிக்கனக்காரர். யாரும் அழைக்காத பகுதியை வெளியே தள்ளிவிடும். இங்குதான் ஒரு சிக்கல். நீட்சியை அழைக்கப்போவது மாணவர் நாளை எழுதப்போகும் நிரல். இன்றைக்குக் கட்டும் இணைப்பிக்கு அது தெரியாது.

அதற்காக விளக்கிக்குள் ஒரு பெயர்ப் பட்டியல் வைக்கிறார்கள். ஒவ்வொரு நீட்சியின் பெயரும் அது இருக்கும் இடமும் அதில் பதிவாகும். பட்டியல் சுட்டிக்காட்டுவதால் இணைப்பி அந்தப் பகுதியைத் தள்ளாது. ‘இம்போர்ட்’ என்று வந்ததும் விளக்கி அந்தப் பட்டியலைப் புரட்டும். நியோபிக்சல் அதில் உண்டு, நம்பை இல்லை. நம்பை போன்ற கணக்கு வசதி வேண்டுவோருக்காக ‘யூலேப்’ என்ற நீட்சி இருக்கிறது. அதையும் சேர்த்து மைக்ரோபைத்தானைப் புதிதாகக் கட்டி, இடவசதி உள்ள பலகைகளில் ஏற்றுகிறார்கள்.

ஒன்று கெட்டால்?

கட்டுச்சோற்றின் நன்மை தெளிவு. வழியில் எதுவும் காணாமல் போகாது. பொருந்தாத பதிப்பு இடையில் வந்து நுழையாது. சோதித்து அனுப்பியது எதுவோ, அதுவே சாதனத்தில் இயங்கும்.

ஆனால் ஒரு பகுதியில் கோளாறு என்றால் அதை மட்டும் மாற்ற முடியாது. முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு நூலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டபோது இந்த வேறுபாடு முக்கியமானது. நூலகத்தைத் தனிக் கோப்பாக வைத்திருந்த கணினிகளில் அந்தக் கோப்பை மாற்றி, அதைப் பயன்படுத்திய மென்பொருள்களை மறுபடி தொடங்கினால் போதும். அதே நூலகத்தின் பழுதான பதிப்பை உள்ளே வைத்துக் கட்டிய மென்பொருள்களை அவற்றின் தயாரிப்பாளர்களே ஒவ்வொன்றாகக் கட்டித் தர வேண்டியிருந்தது.

மைக்ரோபிட்டில் இது பெரிய தொல்லையல்ல. கணினியில் செருகிப் புதிய கோப்பை ஏற்றிவிடலாம். வீட்டுச் சுவரில் மாட்டிய கேமராவுக்கும் மூலையில் இருக்கும் வைஃபை ரௌட்டருக்கும் உள்ளிருக்கும் மென்பொருளைப் பயனீட்டாளரால் பிரித்துப் பார்க்க இயலாது. தயாரிப்பாளர் புதிய கட்டை அனுப்பாவிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும்.

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020இல் தொடங்கிய இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தில், மென்பொருள் புதுப்பிப்பு வழங்குவது முதல் நிலைக்கே உரிய அடிப்படைத் தேவை. அடுத்த முறை திறன்சாதனம் ஒன்றை வாங்கும்போது விலையோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: இதற்கு எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு வரும்?