வண்டிக் கண்ணாடியில் ஒரு மலிவான சாட்சி

மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு இப்போது ஒரு சிறு காமிரா கிடைக்கிறது. காரின் முன்கண்ணாடியில் உட்புறமாக ஒட்டி வைத்துவிட்டால் போதும். வண்டியைக் கிளப்பியதும் தானே விழித்துக்கொண்டு, எதிரே நடப்பதையெல்லாம் பதிவு செய்தவாறே வரும். 'டேஷ்கேம்' என்பது இதற்கு வழங்கும் பெயர். சாலையில் இரு வண்டிகள் உரசிக்கொண்டால், தவறு யாருடையது என்பதில் இரு தரப்பாரும் ஒரே மாதிரி சொல்வது அரிது. கூடி நிற்பவர்கள் பலர். சாட்சி சொல்ல வருபவர்கள் சிலர். காவல் நிலையத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் நம் பக்கம் பேச ஒரு சாட்சி இருந்தால் நல்லது அன்றோ? அந்தச் சாட்சியின் வேலையைத்தான் இக்காமிரா செய்கிறது.

ஆனால் வாங்கப் போனால் தலை சுற்றும். '4கே' என்கிறது ஒரு பெட்டி. '170 டிகிரி' என்கிறது இன்னொன்று. 'நைட் விஷன்' என்று எல்லாப் பெட்டிகளும் சொல்கின்றன. நமக்கு வேண்டிய எண் மட்டும் எந்தப் பெட்டியிலும் அச்சாகியிருப்பதில்லை. எதிரே உள்ள வண்டியின் எண்பலகையை இக்காமிரா எவ்வளவு தூரம் வரை படிக்கும்? இதுவே அந்தக் கேள்வி. நல்லவேளையாக, பள்ளிக் கணக்கைக் கொண்டே விடையை நாம் கண்டுபிடித்துவிடலாம்.

எண்பலகையும் ஒரு வகுத்தலும்

நம் நாட்டில் காரின் எண்பலகையில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் 65 மில்லிமீட்டர் உயரமும், கோட்டின் தடிப்பு 10 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும் என்பது விதி. '3' என்ற எண்ணை '8' என்ற எண்ணிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டுமானால், அந்த 10 மில்லிமீட்டர்க் கோடு படத்தில் குறைந்தது இரண்டு படப்புள்ளிகளின் மேலாவது விழ வேண்டும். பிக்சல் என்று சொல்கிறோமே, அதைத்தான் இங்கே படப்புள்ளி என்கிறேன். ஒரே ஒரு புள்ளியில் கோடு முடங்கிவிட்டால், கோடும் இடைவெளியும் கலந்து சாம்பல் நிறக் கறையாகிவிடும்.

இனிக் காமிராவுக்கு வருவோம். சாதாரண 'ஃபுல் எச்.டி.' காமிராவில் படத்தின் அகலத்துக்கு 1920 புள்ளிகள். அதன் வில்லை இடமிருந்து வலமாக 110 பாகைக் கோணத்தைக் காண்கிறது என்று கொள்வோம். 1920ஐ 110 ஆல் வகுத்தால், ஒரு பாகைக்கு ஏறத்தாழ பதினேழரைப் புள்ளிகள். ஒரு பாகை என்பது 57 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் அகலம். ஆகவே ஒரு புள்ளியின் பங்கு, ஒவ்வொரு மீட்டர்த் தொலைவுக்கும் ஒரு மில்லிமீட்டர் என்று வருகிறது. மிகவும் வசதியான கணக்கு இது. 5 மீட்டரில் ஒரு புள்ளி 5 மில்லிமீட்டரைக் காணும்; எழுத்தின் கோட்டுக்கு இரண்டு புள்ளிகள் கிடைக்கும்; படிக்கலாம். 10 மீட்டரில் ஒரு புள்ளியே கிடைக்கும், படிக்க முடியாது.

ஐந்து மீட்டர்! இதில் உங்கள் வண்டியின் மூக்கே ஒன்றரை மீட்டரைத் தின்றுவிடும். சிவப்பு விளக்கில் முன்னால் நிற்கும் காரின் எண் கிடைக்கும். நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டியின் கதை வேறு. இரு வண்டிகளும் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அவை நெருங்கும் வேகம் வினாடிக்கு 33 மீட்டர். கடைசி ஐந்து மீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. அதற்குள் நான்கைந்து படங்கள் விழுந்தால் அதிகம். இரு சக்கர வண்டிகளின் பின்புற எண்பலகையில் கோட்டின் தடிப்பு 7 மில்லிமீட்டர்தான் என்பதால், தூரம் மூன்றரை மீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

இப்போது '170 டிகிரி' என்ற பெருமையை எடை போட்டுப் பாருங்கள். அதே 1920 புள்ளிகளை அதிகக் கோணத்துக்குப் பங்கு போட்டால் ஒவ்வொரு பாகைக்கும் கிடைப்பது குறையும். பந்தியில் ஆள் கூடக் கூட இலைக்கு வரும் பாயசம் குறைவதைப் போலத்தான். பெட்டியில் அச்சிடும் கோணம் பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்தது, அதை 0.87 ஆல் பெருக்கினால் கிடைமட்டக் கோணம் ஏறத்தாழக் கிடைக்கும். 170 பாகைக் காமிராவின் கிடைமட்டக் கோணம் 148. எண்பலகை படிக்கும் தூரம் நான்கு மீட்டருக்கும் குறைவு. குறுக்குத் தெருவிலிருந்து பாய்ந்து வரும் வண்டியைக் காண அகலக் கோணம் உதவும் என்பது மெய்யே. இரண்டுக்கும் நடுவே 130 பாகையை ஒட்டிய காமிராவே என் தேர்வு.

புள்ளிகள் பெருகினால் போதுமா?

'அப்படியானால் 3840 புள்ளி அகலமுள்ள 4கே காமிராவை வாங்கிவிடலாமே, தூரம் இரட்டிப்பாகுமே' என்று நீங்கள் கேட்கலாம். பட்டப்பகலில் அது சரி. ஆனால் புள்ளிகளுக்கு உணவு வேண்டும். அந்த உணவு ஒளி.

மலிவு விலைக் காமிராக்களில் உள்ள ஒளியுணர் சில்லு நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சோனி நிறுவனத்தின் மூன்று சில்லுகளை எடுத்துக்கொள்வோம். ஐ.எம்.எக்ஸ். 307 என்பதில் 21 லட்சம் புள்ளிகள். 335 என்பதில் 51 லட்சம். 415 என்பதில் 84 லட்சம். மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள சில்லுகள். ஒரே நிலத்தை இரண்டு பங்காகவும், நான்கு பங்காகவும் கூறு போட்டதைப் போல, முதல் சில்லில் ஒரு புள்ளியின் பக்கம் 2.9 மைக்ரான், இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1.45. அதாவது 4கே சில்லின் ஒரு புள்ளியில் விழும் ஒளி, பழைய சில்லின் புள்ளியில் விழுவதில் நான்கில் ஒரு பங்கே. தயாரிப்பு நுணுக்கத்தால் இதில் ஓரளவு ஈடு செய்கிறார்கள் என்றாலும், மங்கிய வெளிச்சத்தில் படம் பொரிபொரியாக ஆவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. உள்ளே இருப்பது 21 லட்சப் புள்ளிச் சில்லு; கணக்குப் போட்டு இடைவெளிகளை நிரப்பி, '4கே' என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். பாலில் தண்ணீர் ஊற்றினால் அளவு கூடும், சத்து கூடாது. எனவே சில்லின் பெயரைக் கேளுங்கள். பெயரைச் சொல்லாத 4கே காமிரா நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தால் ஐயப்படுவதில் தவறில்லை.

வில்லையின் துளையைக் குறிக்கும் 'எஃப்' எண்ணையும் பாருங்கள். இது சிறியதாக இருப்பதே நல்லது. எஃப் 1.8 வில்லை, எஃப் 2.4 வில்லையைவிட ஒன்றே முக்கால் மடங்குக்கும் சற்று மேலான ஒளியை உள்ளே விடுகிறது.

இரவில் நடப்பது

வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு பதிவைக் கொண்டுவந்து காட்டினார். நள்ளிரவில் ஒரு லாரி அவர் வண்டியை உரசிவிட்டு நிற்காமல் போன காட்சி. லாரியின் நிறம் தெரிந்தது, பின்னால் தொங்கிய சங்கிலிகூடத் தெரிந்தது; எண்பலகை இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். 'பெருசு பண்ணிப் பாத்தா தெரியுமா சார்?' என்று கேட்டார். பதிவாகாத ஒன்றைப் பெரிதாக்க எந்தக் கணிப்பொறியாலும் ஆகாது. பழுது பார்த்த செலவு முழுவதும் அவர் கையைக் கடித்தது.

அங்கே என்ன நடந்தது? 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட எண்பலகைகள், தம்மீது விழும் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் தன்மையுடையவை. நம் முகப்பு விளக்கின் ஒளி அப்படியே நம் காமிராவுக்குத் திரும்புகிறது. சுற்றிலும் இருட்டாக இருப்பதால் காமிரா தன் கண்ணை அகலத் திறந்து வைத்திருக்கும். பலகை மட்டும் வெளுத்துப் போகும். காமிராவின் அமைப்புப் பட்டியலில் 'எக்ஸ்போஷர்' என்று ஒன்று இருக்கும். இரவுப் பயணத்தில் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு படி இறக்கி வையுங்கள். சாலை சற்று இருண்டு தோன்றும். எழுத்துகள் தெரிய வாய்ப்புண்டு. வெளிச்சமான படம் ஒன்றையும் மங்கலான படம் ஒன்றையும் அடுத்தடுத்து எடுத்து ஒட்டும் 'எச்.டி.ஆர்.' வசதி இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது பகை அசைவு. இருட்டில் ஒரு படத்துக்குக் காமிரா எடுத்துக்கொள்ளும் நேரம் முப்பதில் ஒரு பங்கு வினாடி வரை நீளும். நாற்சந்தியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் கார், அதற்குள் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. எண்பலகையின் நீளமே அரை மீட்டர்தான்! பகலில் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியே போதுமாதலால் அதே கார் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். எனவே, ஓடும் வண்டியின் எண்ணை இரவில் படித்துக் காட்டும் என்ற நம்பிக்கையில் மலிவான காமிரா எதையும் வாங்காதீர்கள். மாறாக, உங்கள் கண்ணுக்கு எண் தெரிந்தால் உடனே அதை உரக்கச் சொல்லுங்கள். காமிராவின் ஒலிவாங்கி அதைப் பதிவு செய்துகொள்ளும். சல்லிக்காசு செலவில்லாத இந்த முறையை எந்தக் கடைக்காரரும் சொல்லித் தருவதில்லை.

எண் தெரியாத பதிவும் வீண் அன்று. விளக்கு சிவப்பாக இருந்ததா, யார் தடம் மாறினார்கள் என்பவை தெரியும். வேகத்தையும் கணக்கிடலாம். இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே பின்னர் சென்று நாடாவால் அளந்து 50 மீட்டர் என்று கண்டால், அந்தத் தூரத்தை ஒரு வண்டி 75 படங்களில் கடந்திருந்தால், வினாடிக்கு 25 படம் எடுக்கும் காமிராவில் அது 3 வினாடி. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள விண்கல் ஒன்று வெடித்தது. சாலைத் தகராறுகளுக்கும் காப்பீட்டு மோசடிகளுக்கும் அஞ்சி அந்நாட்டு ஓட்டுநர்கள் மாட்டியிருந்த காமிராக்கள் பலவற்றில் அது பதிவாயிற்று. வானியலார் அப்பதிவுகள் எடுக்கப்பட்ட இடங்களின் திசைகளை விண்மீன்களைக் கொண்டு திருத்தி, கல்லின் வேகம் வினாடிக்கு 19 கிலோமீட்டர் என்றும், அது எந்தப் பாதையில் சூரியனைச் சுற்றி வந்தது என்றும் கணக்கிட்டார்கள்.

வெயில்

நம் ஊருக்குக் காமிரா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. உள்ளே இருப்பது லித்தியம் மின்கலமா, மின்தேக்கியா? அரிசோனாவின் கடும் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் முன்பலகை சராசரியாக 69 செல்சியஸ் வரை சூடேறியதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சித்திரை வெயிலில் நிற்கும் நம் வண்டிகளுக்கும் இது அந்நியம் அன்று. லித்தியம் மின்கலத்தைப் பொதுவாக 45 செல்சியஸுக்கு மேல் மின்னேற்றக் கூடாது. 60க்கு மேல் பயன்படுத்தவும் கூடாது. மீறினால் உப்பிக்கொள்ளும், சில வேளைகளில் தீப்பற்றவும் கூடும்.

மின்தேக்கிக்கு இந்தத் தொல்லை குறைவு. அது சேர்த்து வைக்கும் ஆற்றலும் சொற்பம்தான். 2.5 ஃபாரட் மின்தேக்கி 5 வோல்ட்டிலிருந்து 3.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது ஏறத்தாழ 16 ஜூல். 3 வாட் காமிராவை அது ஐந்து வினாடிதான் ஓட்டும். ஆனால் மோதலில் மின்சாரம் அறுந்துபோனால், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை ஒழுங்காக மூடி வைக்க அந்த ஐந்து வினாடி போதும். நமக்கு வேண்டியதும் அவ்வளவே. மின்தேக்கி உள்ள காமிராவையே வாங்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நினைவட்டையிலும் கஞ்சத்தனம் கூடாது. வினாடிக்கு 15 மெகாபிட் என்றால் ஒரு மணிக்கு ஏழு ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. 64 ஜிகாபைட் அட்டை ஒன்பது மணி நேரத்தில் நிரம்பி, பழையதை அழித்துப் புதியதை எழுதும். நாள்தோறும் மூன்று மணி நேரம் ஓட்டுகிறவரின் அட்டை ஆண்டுக்கு நூறு தடவைக்கு மேல் முழுவதுமாக அழிந்து எழுதப்படுகிறது. சாதாரண அட்டை இதற்காகச் செய்யப்பட்டதன்று. 'ஹை எண்டூரன்ஸ்' என்று குறிக்கப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். மோதலின் அதிர்ச்சியை உணர்ந்து கோப்பை அழியாமல் பூட்டும் 'ஜி சென்சார்' வசதியைக் குறைந்த உணர்திறனில் வையுங்கள். இல்லாவிட்டால் நம் வேகத்தடைகள் ஒவ்வொன்றும் விபத்தாகக் கணக்கிடப்பட்டு, பூட்டிய கோப்புகளாலேயே அட்டை நிரம்பிவிடும்.

நாளும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தவறான தேதி காட்டும் பதிவை எதிர்த்தரப்பு வழக்குரைஞர் சும்மா விடமாட்டார். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தரும்போது அதனுடன் சான்றிதழ் ஒன்றும் வேண்டும் என்கிறது. ஆகவே விபத்து நேர்ந்தால் அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வேறு அட்டையைப் போடுங்கள். பதிவை வெட்டவோ ஒட்டவோ வேண்டாம்.

ஒரே விலைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு காமிரா தருகிறார்கள் என்றால், இரண்டும் அரைகுறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2560 புள்ளி அகலமும், எஃப் 1.8 வில்லையும், மின்தேக்கியும் உள்ள முன்காமிரா ஒன்று போதும். வாங்கியதும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், நிற்கும் கார் ஒன்றின் எண்பலகையிலிருந்து ஆறு மீட்டரை நாடாவால் அளந்து, காமிராவை அங்கே வைத்து நண்பகலில் ஒரு நிமிடமும், விளக்கு வைத்த பிறகு ஒரு நிமிடமும் பதிவு செய்யுங்கள். காமிராவின் சிறு திரையில் பார்க்காமல், கணிப்பொறியில் போட்டுப் பாருங்கள். பகல் பதிவிலேயே எண் தெரியவில்லை என்றால், பெட்டியில் போட்டு அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.