உங்களுக்குத் தெரியுமா? கொன்றவர் கைக்கு நிலம் போகாது

தஞ்சை வட்டாரத்தில் நஞ்சை நிலம் வைத்திருக்கும் பெரியவர் திடீரென இறந்தால், ஊர்ப் பேச்சு சீக்கிரமே பட்டாவுக்கு வந்துவிடும். நிலத்துக்காக விஷம் வைத்திருப்பார்களோ என்ற சந்தேகம் மட்டும் நீதிமன்றத்துக்குப் போதாது. விஷக்கொலை வழக்கில் நிரூபிக்க வேண்டியவை நான்கு என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தெளிவான உள்நோக்கம், விஷத்தால்தான் மரணம், குற்றம் சாட்டப்பட்டவரிடம் விஷம் இருந்தது, அதைக் கொடுக்க வாய்ப்பு இருந்தது. சொத்தாசை முதல் கேள்விக்கு மட்டுமே பதில்.

கேரளத்தின் கூடத்தாயியில் 2002 முதல் 2016 வரை ஒரே உறவு வட்டத்தில் ஆறு பேர் இறந்தார்கள். சொத்துக்காகப் போலி உயில் தயாரித்ததாகவும், விஷம் கொடுத்துக் கொன்றதாகவும் காவல்துறை குற்றம் சாட்டுகிறது. அங்கே உடல்கள் புதைக்கப்பட்டிருந்ததால் 2019-இல் தோண்டி எடுக்க முடிந்தது. எரியூட்டும் வழக்கமுள்ள டெல்டா குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தகனத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் சொல்லி, உடற்கூராய்வு கேளுங்கள். சாம்பலில் பூச்சிமருந்தின் தடயம் மிஞ்சாது.

கொன்றவருக்குச் சொத்து வருமா? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தடுக்கிறது. கொலைக்கு உடந்தையானவருக்கும் பங்கில்லை. இப்படிப் பங்கு இழந்தவர், கொல்லப்பட்டவருக்கு முன்பே இறந்துவிட்டதாகக் கருதி, சொத்து மற்ற வாரிசுகளுக்குப் போகும் என்கிறது 27-ஆம் பிரிவு. தந்தையைக் கொன்ற மகனின் மனைவி, கணவர் வழியாகப் பங்கு கேட்ட தமிழ்நாட்டு வழக்கில், அவருக்கும் உரிமை இல்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.